வழுக்கையாற்றைச் சோதிக்க எது வழி: லாப்பா, மீற்றரா, புழுவா, சென்சரா?

மாரி தொடங்க முதலே ஒரே கேள்வி மூன்று பக்கத்தால் வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்து வழுக்கையாற்றோரத்துச் சனசமூக நிலையம் ஒன்றின் தம்பிமார் கேட்டார்கள்: "அண்ணை, தண்ணியை லாப்புக்குக் குடுத்தால் காணுமோ?" விஞ்ஞானம் படிப்பிக்கும் ரீச்சர் ஒருவர், சுற்றாடல் முன்னோடிப் பிள்ளைகளை வைத்துச் செய்யக்கூடிய சோதனை ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். மூன்றாவது கேள்வி கனடாவில் இருந்து, ஒரு பழைய மாணவரிடம் இருந்து வந்தது. "ஒரு மிசினை வாங்கிப் பாலத்தில பூட்டுவம். இஞ்ச இருந்தே ஃபோனில பாக்கலாம். காசைப் பற்றி யோசியாதேங்கோ."

கானாலும் (றோட்டோர வடிகால்) வெள்ளவாய்க்காலாலும் வந்து விழும் கழிவு ஆற்றை என்ன செய்கிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் மூவரின் கேள்வியும். ஆனால் மூவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. சில மாரிகளாகப் போத்தலும் வலையுமாக இந்த ஆற்றோரம் திரிந்தவன் என்ற அளவில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஆற்றுக்கு முதல் காசு மிசினுக்குப் போகக்கூடாது. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## எந்தத் தராசில் நிறுப்பது

வழுக்கையாறு தெல்லிப்பளைப் பக்கம் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய், வட்டுக்கோட்டைப் பக்கங்களால் இறங்கி அராலியில் யாழ்ப்பாணக் கடலேரியில் விழுகிறது. நீளம் ஏறத்தாழ 16 கிலோமீற்றர். குடாநாட்டில் ஆறு என்று சொல்ல இது ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் மாரியில் மட்டும் ஓடுவது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உயிர் வரும். கோடை வந்தால் பல இடங்களில் செருப்பு நனையாமல் கடக்கலாம். வருடம் முழுக்க ஓடும் ஆறுகளுக்கென்று எழுதப்பட்ட முறைகளை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இங்கே வைத்தால் பிழைக்கும். எந்த முறையானாலும் முதல் கேள்வி இதுதான்: வருடத்தில் ஒரு சில மாதம் மட்டும் ஓடும் தண்ணீருக்கு இது சரிவருமா?

அடுத்தது முதல் மழை. கோடை முழுக்க றோட்டில் சிந்திய எண்ணெய், கானில் காய்ந்த குப்பை, மாட்டுச்சாணம், நிரம்பி வழிந்த மலசலகூடக் குழிகளின் கசிவு எல்லாம் முதலாவது பெருமழையில் ஒரே மூச்சாக இறங்கும். அந்த முதல் ஒரு மணித்தியாலத் தண்ணீருக்கும் பத்தாம் நாள் தண்ணீருக்கும் சம்பந்தமே இராது. முதல் மழையைப் பிடிக்கத் தெரியாத முறை பாதிக் கதையைத்தான் சொல்லும்.

மூன்றாவது, உப்பும் சுண்ணாம்புக் கல்லும். அராலிப் பக்கம் தண்ணீரில் உப்பு ஏறி இறங்கும். சில கருவிகள் உப்பைக் கண்டால் பொய் சொல்லும், எவை என்று பிறகு சொல்கிறேன். சுண்ணாம்புக் கல்லோ வெடிப்பும் பொந்துமாக இருப்பது. மேலே ஓடும் அழுக்கு மண்ணில் வடிபட்டுத்தான் கீழே போகும் என்று நம்பியிருக்க முடியாது. ஆற்றில் விழுந்தது ஊர்க் கிணற்றுக்கு வரும். நமக்கு ஆற்றின் சுகம் என்பது மீனுக்கும் தும்பிக்கும் உரிய விசயம் மட்டும் இல்லை.

நான்காவது, முடிவை யாரிடம் கொண்டுபோகப் போகிறோம்? ஊருக்குள் விளங்கவைக்க ஒரு வகைச் சான்று காணும். பிரதேச சபைக்கோ, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ, மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கோ கடிதம் எழுத வேறொரு வகை வேண்டும். 2014, 2015 களில் சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் என்ற பிரச்சினை எழுந்தபோது எந்த அறிக்கையை நம்புவது என்பதே தனி வாதமாக நீண்டது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

கடைசியாக, அடுத்த வருடமும் இதைச் செய்ய ஆள் இருக்குமா? உயர்தரம் முடித்த பிள்ளைகள் பல்கலைக்கழகம் போய்விடுவார்கள், சிலர் வெளிநாடு போவார்கள். ஒரு மாரியில் செய்து மறு மாரியில் விட்ட கணக்கால் பெரிய பயன் இல்லை.

## காசு செலவழிக்க முதல்: மழை விட்டு மூன்றாம் நாள்

எந்த வழியைத் தெரிந்தாலும் இதை முதலில் செய்யுங்கள். செலவே இல்லை.

வெள்ளவாய்க்கால் மழைத்தண்ணீருக்கு வெட்டியது. மூன்று நாள் ஒரு துளி விழாமல் இருந்தும் அதில் தண்ணீர் ஓடினால் அது மழை வெள்ளம் இல்லை, எங்கோ ஒரு குழாய் திறந்திருக்கிறது. ஆற்றில் விழும் ஒவ்வொரு கானின் வாயையும் அன்று காலை ஆறு மணிக்கும் மத்தியானத்திலும் போய்ப் பாருங்கள். காலையில் நுரையோடு கூடினால் வீடுகளின் குளிப்பும் உடுப்புத் தோய்ப்பும். மத்தியானம் கொழுப்புப் படலம் மிதந்தால் சாப்பாட்டுக் கடை. கானின் அடியில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி நீண்டு ஆடும் ஒரு வழுவழுப்பு இருந்தால், சேதனக் கழிவு நெடுநாளாக வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அது பாசி இல்லை, கழிவைத் தின்று வளரும் பற்றீரியாக் கூட்டம்.

நம் ஊருக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலும் உண்டு. மார்கழியில் கிணறு நிரம்பி நிற்கும் நாட்களில் நிலத்தடி நீரே கானுக்குள் கசியும். அது தெளிந்திருக்கும், நுரைக்காது, மணக்காது. சந்தேகமாக இருந்தால் காரிக்கன் துணியில் ஒரு துண்டை நூலில் கட்டிக் கானுக்குள் மூன்று நாள் விடுங்கள். எடுத்து நல்ல தண்ணீரில் அலசி, இருட்டில் வைத்து, கடைகளில் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கைப் பிடியுங்கள். சலவைத்தூளில் உடுப்பை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் பொருள் பருத்தியில் ஒட்டிக்கொள்ளும். அது இருந்தால் துணி நீலமாக ஒளிரும். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் 2015 இல் இதே தத்துவத்தைச் சாயமேறாத பஞ்சை வைத்துச் செய்து காட்டினார்கள். கானில் விட முதல் துணியை அந்த விளக்கில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது தானாகவே ஒளிர்ந்தால் உதவாது. மலசலகூடக் கழிவு மட்டும் வரும் கானில் இது ஒன்றும் காட்டாது என்பதையும் மறக்கவேண்டாம்.

கழிவுநீரா, மழை வெள்ளமா என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கழிவுநீர் என்றால் ஒரு குழாயை, ஒரு குழியைத் தேடவேண்டும். வெள்ளம் என்றால் றோட்டையும் குப்பையையும் கானுக்குள் மண் இறங்குவதையும் பார்க்கவேண்டும். மருந்து வேறு வேறு.

## லாப்புக்கு அனுப்புவது

பலரும் முதலில் நினைப்பது இதைத்தான், தவறும் இல்லை. முத்திரையும் கையொப்பமும் உள்ள தாளைக் கண்டால்தான் அலுவலகங்களில் கோப்புத் திறக்கும். நீர் வழங்கல் சபையிலும் பல்கலைக்கழகத்திலும் விசாரிக்கலாம். பீ.ஓ.டி. எனப்படும் உயிரிரசாயன ஒட்சிசன் தேவை (கழிவைச் சிதைக்கப் பற்றீரியா இழுக்கும் ஒட்சிசன் அளவு), மலக்கழிவைக் காட்டும் ஈ.கோலை பற்றீரியா, அமோனியா, நைத்திரேற்று, பொசுபேற்று இவ்வளவும் கேட்டால் ஓடைக்குப் போதும். பார உலோகம் வரை எல்லாவற்றையும் கேட்டுக் காசைக் கரைக்க வேண்டாம். கராஜோ பட்டறையோ பக்கத்தில் இருந்தால் மட்டும் அதை யோசியுங்கள்.

ஆனால் ஒரு போத்தல் தண்ணீர் ஒரு நிமிடத்தின் படம் மட்டுமே. காலை பத்து மணிக்கு எடுத்த போத்தலுக்கு இரவு பதினொரு மணிக்கு யாரோ திறந்துவிட்ட கல்லி பௌசரை, அதாவது மலக்குழிக் கழிவு ஏற்றும் வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மறைந்திருக்கும் செலவு நேரத்தில் இருக்கிறது. பற்றீரியாவுக்கான மாதிரி ஐஸில் இருக்கவேண்டும், ஆறு மணித்தியாலத்துக்குள் போய்ச் சேர்ந்தால் நல்லது. பீ.ஓ.டி. யைக் கணக்கெடுக்க ஐந்து நாள் வேண்டும். ஒருமுறை நாங்கள் வெள்ளிக்கிழமை பின்னேரம் நல்ல மழையில் நனைந்து எட்டுப் போத்தல் எடுத்தோம். கொண்டுபோனால் லாப் பூட்டு. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்தப் போத்தல்கள் றெஜிபோம் பெட்டியில் உருகிய ஐஸோடு கிடந்தன. திங்கட்கிழமை கொடுத்து வாங்கிய எண்களில் பீ.ஓ.டி. யையும் ஈ.கோலையையும் பாவிக்க முடியவில்லை. போத்தல் வாங்க முதல் லாப்புக்கு ஃபோன் எடுத்து, எந்தெந்த நாளில், எத்தனை மணிக்குள் எடுப்பீர்கள் என்று கேளுங்கள். மழை உங்கள் நேரசூசிக்கு வராது.

தாள் கைக்கு வந்த பிறகும் இரண்டு இடத்தில் ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள். ஒன்று நைத்திரேற்று. குடிநீருக்கான எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதையே நைதரசனாகக் கணக்கிட்டு எழுதினால் ஏறத்தாழ 11. சில தாள்களில் ஒரு வகை இருக்கும், சிலவற்றில் மற்றது. "எங்கட தண்ணியில பன்னிரண்டுதான், ஐம்பதுக்கு எவ்வளவோ கீழ" என்று சந்தோசப்பட்டவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்கள் தாளில் இருந்தது நைதரசன் கணக்கு.

மற்றது, 2008 ஆம் ஆண்டு வர்த்தமானி எல்லைகள். உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கு பீ.ஓ.டி. லீற்றருக்கு 30 மில்லிகிராம், தண்ணீரில் தொங்கி நிற்கும் திண்மம் 50 என்று அதில் உண்டு. அவை குழாய் வாயில் இருந்து வெளியேறும் கழிவுக்கு உரியவை. ஆற்றின் நடுவில் அள்ளிய தண்ணீரில் பீ.ஓ.டி. 25 என்று கண்டு "எல்லைக்குள்தானே" என்று விட்டுவிட்டால் அந்த ஆறு செத்துக்கொண்டிருப்பதை நாங்களே கையொப்பமிட்டு ஒப்புக்கொண்டது போலாகும். பீ.ஓ.டி. 25 உள்ள ஓடையில் மூச்சு முட்டும்.

லாப் எப்போது சிறந்தது? ஒரு குறித்த கானைப் பற்றி, ஒரு குறித்த அலுவலகத்துக்கு, ஒரு குறித்த முறைப்பாடு எழுதும்போது. கானுக்கு மேலே ஒன்று, கான் வாயில் ஒன்று, கீழே ஒன்று என மூன்று போத்தல். முடிந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையே பக்கத்தில் வைத்து எடுங்கள்.

## கையில் பிடிக்கும் மீற்றரும் சோதனைப் பெட்டியும்

மலிவாக விற்கும் ரீ.டி.எஸ். மீற்றர் ஒன்று நம் வீடுகளில் இப்போது பரவலாக உண்டு. அது அளப்பது தண்ணீரில் கரைந்த உப்பு மொத்தத்தை. அராலியில் அந்த எண் கூடினால் கடல் வந்திருக்கிறது, கழிவு அல்ல. கந்தரோடைப் பக்கம் ஒரு கானுக்குக் கீழே திடீரென்று கூடினால் மட்டும் நின்று யோசிக்கலாம்.

வாழிடத்துக்கு உண்மையில் வேண்டியது கரைந்த ஒட்சிசன் மீற்றர். விலை கூட, ஆனால் இந்தப் பட்டியலில் நான் காசு போடச் சொல்லும் ஒரே கருவி அதுதான். 30 பாகைச் சூட்டில் தண்ணீர் தாங்கும் ஒட்சிசனே லீற்றருக்கு ஏழரை மில்லிகிராம் அளவுதான். ஐந்துக்குக் கீழே போனால் பல மீன்களுக்குக் கஷ்டம், இரண்டுக்குக் கீழே பெரும்பாலும் காற்றைக் குடிக்கத் தெரிந்தவைதான் பிழைக்கும். எப்போது அளக்கிறோம் என்பதுதான் இங்கே எல்லாம். ஒரு மதகடியில் நாங்கள் நண்பகலில் அளந்தபோது எண் அருமையாக இருந்தது. பச்சைப் பாசி வெயிலில் ஒட்சிசனைக் கொப்பளித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அடுத்த நாள் விடிய ஐந்தரைக்கு டோர்ச்சோடு போய் அதே கல்லில் இருந்து மீற்றரை இறக்கினோம். எண் இறங்கிக்கொண்டே போனது. இரவு முழுக்கப் பாசியும் சேறும் சேர்ந்து மூச்சை இழுத்துவிட்டிருந்தன. குஞ்சு மீன்கள் கரையோரம் வாயை மேலே வைத்துக்கொண்டு நின்றன. நண்பகலில் மட்டும் அளந்திருந்தால் அந்த மதகடியை நல்ல இடம் என்று எழுதியிருப்போம்.

அமோனியாவுக்கு மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் சொட்டு மருந்துப் பெட்டியே போதும். பி.எச். ஐயும் சேர்த்து அளக்கவேண்டும். 30 பாகையில் பி.எச். 7 ஆக இருந்தால் அமோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நச்சு வடிவில் இராது. பி.எச். 8 இல் ஏழெட்டுப் பங்கு. 9 இல் நாற்பதைத் தாண்டும். சுண்ணாம்பு நிலத்துத் தண்ணீர் இயல்பாகவே காரப் பக்கம் சாய்ந்தது, பாசி கூடினால் பின்னேரங்களில் இன்னும் ஏறும். ஆகவே வேறு நாட்டுக் கையேட்டில் "பரவாயில்லை" என்று போட்டிருக்கும் அமோனியா எண் இங்கே பரவாயில்லை ஆகாது.

மலக்கழிவைப் பார்க்க, தண்ணீர் விட்டால் ஒன்றிரண்டு நாளில் கறுக்கும் ஐதரசன் சல்பைட்டுத் தாள் போத்தல் மலிவானது. 1982 இல் இந்தியாவில் குடிநீருக்காக உருவாக்கிய முறை. ஓடையில் அது அநேகமாக எல்லா இடமும் கறுக்கும், ஆகவே ஓடையை விடப் பக்கத்துக் கிணற்றுக்குத்தான் அது உதவும்.

மறைந்த செலவுகள்: திகதி போன மருந்து, மீற்றரைச் சரிபார்க்கும் கரைசல், ஒட்சிசன் மீற்றரின் தலைக்கு மாற்று உறை. நிறத்தை ஒப்பிடும் சோதனையை வெயிலில் ஒருவரும் நிழலில் ஒருவரும் பார்த்தால் இரண்டு எண் வரும். ஆளையும் இடத்தையும் மாற்றாதேயுங்கள்.

இதோடு முதல் மழையைப் பிடிக்க ஒரு கைவேலை. ஒரு லீற்றர்ப் போத்தலின் மூடியில் இரண்டு துளை போட்டு இரண்டு புதிய சேலைன் குழாய்த் துண்டுகளைச் செருகுங்கள். ஒன்று தண்ணீர் வர, மேலே வளைந்து வாய் கீழ்நோக்கியபடி. மற்றது காற்றுப் போக, அதைவிட உயரமாக. போத்தலை மதகின் தூணில், இப்போதைய நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே இறுக்கிக் கட்டுங்கள். நடுச்சாமம் மழை வந்து தண்ணீர் அந்த வளைவைத் தாண்டும்போது போத்தல் தானாக நிரம்பி நின்றுவிடும். விடிய எடுத்தால் ஏறிவந்த முதல் வெள்ளம் உங்கள் கையில். இரண்டு முழ உயரத்தில் இன்னொன்று கட்டினால் நடு வெள்ளமும் கிடைக்கும். கலங்கல், அமோனியா, மின் கடத்துதிறன் பார்க்க இது போதும். பற்றீரியாவுக்கு உதவாது, போத்தல் இரவு முழுக்க வெதுவெதுப்பாக நின்றிருக்கும்.

## புழு பூச்சியைப் பார்ப்பது

மீற்றர் அந்த நிமிடத்தைச் சொல்லும். அடியில் இருக்கும் புழு கடந்த சில கிழமைகளைச் சொல்லும், ஏனென்றால் அது எங்கும் போகாமல் அங்கேயே இருந்து எல்லாவற்றையும் குடித்திருக்கிறது. இரவு திறந்துவிட்ட பௌசரும் அதன் கணக்கில் ஏறும்.

வேண்டியது நுளம்புவலைத் துணியில் தைத்த ஒரு வலை, வெள்ளை நிற ஐஸ்கிறீம் பெட்டி, ஒரு பெரிதாக்கும் கண்ணாடி. அடிச்சேற்றைக் காலால் கலக்கி, கீழ்ப்பக்கம் வலையைப் பிடித்து, வந்ததை வெள்ளைப் பெட்டியில் கொட்டி இரண்டு நிமிடம் அசையாமல் பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு இலைத்துண்டு என்று நினைத்தது நடக்கும். மூன்று வாலோடு, வயிற்றின் இரு கரையிலும் செவுள் துடிக்க நீந்தும் சின்ன மேஃப்ளைக் குஞ்சும், தட்டையாகப் பதுங்கும் தும்பிக் குஞ்சும் பல வகையாக இருந்தால் நல்ல செய்தி. இரத்தச் சிவப்பில் நெளியும் புழு மட்டும் கூட்டமாக இருந்தால் ஒட்சிசன் குறைந்த சேறு. அந்தச் சிவப்பு நம் இரத்தத்தில் உள்ளது போன்ற ஹீமோகுளோபின், இல்லாத ஒட்சிசனைத் தேடிப் பிடிக்க அது வைத்திருக்கும் வழி. நீண்ட வாலை மேலே நீட்டி அதனால் மூச்சு விடும் வெளிறிய புழு வந்தால் கழிவுக்குழிக்குச் சமமான தண்ணீர். சேற்றைக் கிளறும்போது கறுப்பாகி அழுகின முட்டை மணந்தால் புழுவைத் தேடாமலே தெரிந்துவிடும்.

மீனைக் கண்டு ஏமாற வேண்டாம். "விரால் துள்ளுது, தண்ணி நல்லம்" என்பார்கள். விராலும் பனையேறிக் கெண்டையும் மேலே வந்து காற்றை விழுங்கி வாழத் தெரிந்தவை. 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவந்த திலாப்பியாவும் எதையும் தாங்கும். அவை இருப்பது ஆற்றுக்கு நற்சான்று இல்லை.

இந்த முறைக்கும் குறை உண்டு. இங்கிலாந்தில் உருவாக்கிய புள்ளி அட்டவணையை எடுத்து நம் பூச்சிகளுக்குப் புள்ளி போட்டால் எங்கள் ஆறு எப்போதும் தோற்கும். வேகமாக ஓடும் குளிர்ந்த கல்லாற்றுப் பூச்சிகள் இங்கே எந்தக் காலத்திலும் இருக்கப்போவதில்லை. மேஃப்ளையிலும் குட்டையில் வாழும் சில வகை ஓரளவு அழுக்கைத் தாங்கும். தவிர, காய்ந்து கிடந்த ஆற்றில் தண்ணீர் வந்த முதல் கிழமைகளில் சுத்தமான இடத்திலும் பூச்சி குறைவுதான், அவை பறந்து வந்து முட்டை இட்டுப் பெருக வேண்டும். ஆகவே ஓட்டம் தொடங்கி ஐந்தாறு கிழமை பொறுத்து, கானுக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம் என்று இரண்டையும் ஒரே நாளில் ஒப்பிடுங்கள். புள்ளி வேண்டாம். மேலே எத்தனை வகை, கீழே எத்தனை வகை, அது போதும். கூடவே ஒரே கல்லில் நின்று ஒவ்வொரு முறையும் கரையையும் நிழல் மரத்தையும் சல்வீனியா என்ற மிதக்கும் களையின் படர்வையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். பத்து மாரி கழிய அந்தப் படங்களை விடப் பெரிய சான்று கிடையாது.

அலுவலகங்கள் புழுவை ஏற்காது என்பதும் உண்மை. ஆனால் ஊர் ஏற்கும். ஒரு தாய் தன் பிள்ளையின் ஐஸ்கிறீம் பெட்டிக்குள் சிவப்புப் புழு நெளிவதைப் பார்த்தால், நூறு மில்லிகிராம் கணக்கு செய்யாத வேலையை அது செய்யும்.

## சென்சர் பூட்டுவது

கனடா அண்ணாவின் யோசனையை நான் தட்டிவிடவில்லை. இரவிலும் மழையிலும் விழித்திருப்பது சென்சர் ஒன்றுதான். விடியற்காலை ஒட்சிசன் விழுவதை ஒவ்வொரு நாளும் அது பிடிக்கும்.

செலவு விலையோடு முடியாது. பலவற்றை ஒன்றாக அளக்கும் நல்ல கருவி பல ஆயிரம் டொலர். நம் வெப்பத்தில் இரண்டு கிழமைக்குள் சென்சரின் முகத்தில் பாசியும் வழுவழுப்பும் படியும், பிறகு அது தன் மேல் வளர்ந்த பாசியைத்தான் அளக்கும். ஒருவர் போய்த் துடைக்கவேண்டும், கரைசலில் வைத்துச் சரிபார்க்கவேண்டும். கோடையில் ஆறு காயும்போது கழற்றிப் பத்திரப்படுத்த வேண்டும். வெள்ளத்தில் அடித்துப்போகாமலும், கோடையில் கள்ளன் கழற்றிப் போகாமலும் காக்கவேண்டும். சிம் காட்டுக்கு மாதக் காசு. இவ்வளவும் செய்ய ஒருவருக்குச் சம்பளம்.

இங்கேதான் உப்பு வந்து நிற்கிறது. அமோனியாவை அளக்கும் அயன் சென்சர்கள் சோடியத்தையும் பொற்றாசியத்தையும் கண்டு குழம்பும். நைத்திரேற்றுச் சென்சர் குளோரைட்டைக் கண்டு குழம்பும். கீழ் ஆற்றில், உப்பு ஏறி இறங்கும் இடத்தில், அவை தரும் வரைபடம் கடலேரியின் வரைபடம். ஃபோனில் அழகாகத் தெரியும், கருத்து இராது. ஒட்சிசன், வெப்பம், நீர்மட்டம் மூன்றும் மட்டும் அளக்கும் சிறிய பதிவுக்கருவி என்றால் யோசிக்கலாம். பல்கலைக்கழகத் துறை ஒன்று பொறுப்பெடுத்து, மாணவர் ஆய்வோடு சேர்த்து நடத்தினால் சென்சர் பொன். பாலத்தில் பூட்டிவிட்டு எல்லோரும் ஃபோனைப் பார்ப்பது என்றால் ஒரு மாரிக்குள் அது இரும்பு.

## ஒரு பார்வையில்

| | லாப் | மீற்றர், பெட்டி | புழு, படம் | சென்சர் |
|---|---|---|---|---|
| முதல் மழை | ஆள் நின்றால் மட்டும் | தூணில் கட்டிய போத்தலோடு சரி | பிடிக்காது, பின்விளைவைக் காட்டும் | பிடிக்கும் |
| இரவுக் கழிவு | தெரியாது | தெரியாது | தெரியும் | ஓரளவு |
| அராலி உப்பு | பிரச்சினை இல்லை | ரீ.டி.எஸ். ஏமாற்றும் | பூச்சி வகையே மாறும் | அமோனியா, நைத்திரேற்று கெடும் |
| அலுவலகத்தில் எடுபடுமா | எடுபடும் | துணைச் சான்று | அரிது | யார் நடத்துகிறார் என்பதைப் பொறுத்தது |
| மறைந்த செலவு | ஐஸ், ஓட்டம், தவறிய நாள் | மருந்து, சரிபார்ப்பு | பழகிய கண், பொறுமை | துடைப்பவரின் சம்பளம் |

## அந்த மூவருக்கும்

தம்பிமாரே, லாப்பில் தொடங்காதேயுங்கள். மூன்றாம் நாள் கான் நடையில் தொடங்குங்கள். எல்லாக் கான் வாய்க்கும் ஒரு இலக்கம் போட்டு வரைபடத்தில் குறியுங்கள். விடியற்காலை ஒட்சிசனும் அமோனியாவும் கிழமைக்கு ஒருக்கால் போதும். எந்தக் கான் என்று தெரிந்த பிறகு அந்த ஒரு கானுக்கு மட்டும் லாப் காசைச் செலவழியுங்கள். அப்போது உங்கள் கடிதத்தில் "ஆறு அசுத்தமாக உள்ளது" என்று இராது, "ஏழாம் கான், மழை இல்லாத நாளில், காலை ஆறு மணிக்கு" என்று இருக்கும்.

ரீச்சர், உங்களுக்குப் புழுவும் படமும். பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது, ஒவ்வொரு வருடமும் புது வகுப்பு வருவதால் தொடர்ச்சியும் கிடைக்கும். ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போயின. வெள்ளம் ஓடும் நாளில் பிள்ளைகள் ஆற்றுக்குப் போகவே கூடாது. மற்ற நாட்களிலும் தண்ணீரில் இறங்குவது வளர்ந்தவர் மட்டும், முழங்கால் வரை றப்பர் சப்பாத்தோடு, காலில் புண் இல்லாதவராக. பிள்ளைகள் கரையில் மேசை போட்டுப் பெட்டியைப் பார்க்கட்டும், முடிந்ததும் சவர்க்காரத்தால் கை கழுவட்டும். தொடர்ந்து தண்ணீரில் இறங்குபவர்கள் தடுப்பு மருந்து பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள்.

கனடா அண்ணாவுக்கு நீளமாக எழுதினேன். சென்சர் விலையின் ஒரு சிறு பங்கில் நல்ல ஒட்சிசன் மீற்றர் ஒன்று, இரண்டு மாரிக்கான சோதனை மருந்து, ஐஸ்பெட்டி, பத்துப் பன்னிரண்டு லாப் மாதிரிக்கான கட்டணம், ஆற்றில் இறங்குபவர்களுக்குச் சப்பாத்து எல்லாம் வரும் என்று கணக்குப் போட்டு அனுப்பினேன். இரண்டு மாரிப் பதிவு கையில் இருந்தால் பல்கலைக்கழகத்தோடு சென்சரைப் பற்றிப் பேசலாம், எந்த மதகில் பூட்டுவது என்றும் அப்போது தெரிந்திருக்கும் என்றும் எழுதினேன்.

இரண்டு நாள் பதில் இல்லை. கோபித்துவிட்டார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் ஒரு வரி வந்தது: "சப்பாத்து எத்தினை சோடி, என்ன அளவு?"

எட்டுச் சோடி. அளவுகளை எடுத்து அனுப்பிவிட்டேன். போத்தல் இரண்டையும் நேற்றுப் பின்னேரம் மதகில் கட்டியாயிற்று. மழைக்குக் குணம் தெரிகிறது.